ஷட்டருக்கு ஒரு ஓட்டு

மச்சான்,

போன திங்கட்கிழமை வியாபாரிகள் சங்கத்தில் உன் மகள் ஜெஸிக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். பின்சந்து வழக்கில் டைல்ஸ் கடை தாமோதரனுக்குச் சாதகமாக. அவன் போட்ட இரும்பு கேட்டும் பூட்டும் அப்படியே இருக்கலாம். ஜெஸிக்கு லோடு வந்தால் முன்பக்கமாக இறக்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் தீர்ப்பு. வாசித்து முடிக்கும்போது என் கையில் இருந்த டீகூட ஆறவில்லை.

படி இறங்கி வெளியே வந்தேன். தாமோதரன் கடையில் பையன்கள் ஷட்டருக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் சங்கத் தேர்தல் வருகிறது இல்லையா, அதற்கு முன்னால் ஆறு ஷட்டரும் சத்தமில்லாமல் ஏறி இறங்க வேண்டுமாம். அந்தக் கிரீஸ் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது. பாசத்தில் வந்த ஞாபகம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல வந்த ஞாபகம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு தெருக்காரர்களுக்கு நீதிபதியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்தவன் நீதானே.

அந்தச் சந்து உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்குக் கொஞ்சம் ஆறும். உன் பெயின்ட் கடை, தாமோதரனின் டைல்ஸ் கடை, நடுவில் இன்னும் இரண்டு கடை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஓடுகிற பொதுச் சந்து அது. நாம் கடை போட்ட நாளிலிருந்து லோடு எல்லாம் அதில்தான் இறங்கும். முன்பக்கம் பஸ் போகிற ரோடு. பகலில் லாரி நின்றால் போலீஸ்காரர் வந்து டயரைத் தட்டுவார். நீ போன பிறகு தாமோதரன் சந்தில் டைல்ஸ் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தான். பிறகு, திருட்டுப் போகிறது என்று சொல்லி சந்து முனையில் கேட் போட்டான். பிறகு பூட்டு. சாவி அவன் இடுப்பில்.

ஜெஸிக்கு அடி அங்கேதான் விழுந்தது. பெயின்ட் கம்பெனிக்காரன் இருபது லிட்டர் டிரம்மாக அனுப்புகிறான், தின்னர் கேன் தனியாக வருகிறது. மூன்று முறை லாரி இறக்க வழியில்லாமல் திரும்பிப் போனது. நாலாவது முறை கம்பெனி ஆள் நேரிலேயே வந்து, "மேடம், இறக்க இடம் இல்லேன்னா டீலர்ஷிப்பை சேலையூர் பக்கம் வேற ஒருத்தருக்கு மாத்திடச் சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓ.எம்.ஆரில் ஏசி ரூமில் உட்கார்ந்திருந்த வேலையை விட்டுவிட்டு அப்பா கடை என்று வந்து உட்கார்ந்த பெண். டீலர்ஷிப் போனால் அந்தக் கடையில் என்ன இருக்கும்? பிரஷ்ஷும் உப்புத்தாளும்தான்.

இதற்குத்தான் சங்கத்து மத்தியஸ்தரிடம் போனாள். மத்தியஸ்தர் யார், நீ மறந்திருக்க மாட்டாய். எலக்ட்ரிகல்ஸ் சுந்தர். உன் முறைப்படி, ஓட்டு எண்ணி வந்தவன்.

முதலில் இருந்தே வருகிறேன். அந்தக் காலத்தில் மத்தியஸ்தரைச் சங்கத் தலைவர் நியமிப்பார். கடைக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் சண்டை வந்தால் அவர் கை காட்டுகிற ஆள் விசாரித்துச் சொல்வார், இரண்டு பேரும் கேட்டுக்கொள்ள வேண்டும். உன் போர்டு தகராறு வந்தபோது நியமிக்கப்பட்டவர், தலைவரின் காம்ப்ளக்ஸில் வாடகைக்குக் கடை வைத்திருந்த ஒரு மனிதர். உன் போர்டை மறைத்து பெரிய போர்டு மாட்டியவன் தலைவரின் மச்சினன். தீர்ப்பு, மறைக்கிற போர்டு இருந்துவிட்டுப் போகட்டும், நீ உன் போர்டை இன்னும் மேலே தூக்கி மாட்டிக்கொள் என்று வந்தது. நீ மாடிச் சுவரில் மாட்டினாய். காக்காய் பார்த்துப் பெயின்ட் வாங்க வருமா என்று நான் கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை நீ.

பிறகு பேச ஆரம்பித்தபோது நிறுத்தவே இல்லை. தினம் காலையில் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடப்போம். நடை பாதி, உன் பிரசங்கம் பாதி.

"வாடகைக்கு இருக்கிறவன் வீட்டுக்காரன் மச்சினனுக்கு எதிரா எப்படிடா வாயைத் திறப்பான்? அவனைத் தப்பு சொல்ல மாட்டேன். போட்ட முறை தப்பு. நியாயம் சொல்றவனை எல்லாரும் சேர்ந்து எடுக்கணும்."

"ஓட்டுப் போட்டா?"

"ஓட்டுப் போட்டுத்தான்."

"பிளம்பரை வெச்சுக்கறோம், ஓட்டுப் போட்டா வெச்சுக்கறோம்? வேலை தெரிஞ்சவனான்னு பார்த்து வெச்சுக்கறோம். இதுவும் அப்படித்தான் மச்சான். விவரம் தெரிஞ்ச ஆளாப் பார்த்துப் போடணும்."

"யாரு பார்க்கிறது? நீயா? தலைவரா? அதைத்தானே நான் கேக்கிறேன்."

எனக்குப் பதில் வராது. பதில் வராவிட்டால் நான் வேகமாக நடப்பேன், நீ பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே பேசிக்கொண்டு வருவாய். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தரையில் சாக்கு விரித்து வாஷரும் பழைய குழாயும் விற்று மேலே வந்தவன் நான். யார் யாருக்கு எதற்காகத் தலையாட்டுவான் என்பதை அங்கேயே பார்த்துவிட்டேன். நியமனமாகி வந்தவன் ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும், ஓட்டு வாங்கி வந்தவன் நூறு பேர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "நூறு பேரை ஒரே நேரத்துல விலைக்கு வாங்க முடியாதுடா" என்றாய். எவ்வளவு நம்பிக்கை உனக்கு.

கடைசியில் நீ ஜெயித்தாய். பொதுக்குழுவில் எழுந்து நின்று, சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிற அந்தக் குரலில் பேசினாய். எல்லோரும் கை தட்டினார்கள். தேர்தல் ஞாயிற்றுக்கிழமை, ஆனால் உன் ஆராதனை முடிந்து மத்தியானம்தான் என்றும் எழுதி வாங்கிக்கொண்டாய். யாருக்கு எத்தனை ஓட்டு என்ற கேள்வி வந்தது. சங்கச் சந்தாவை ஷட்டர் கணக்கில்தான் வசூலிக்கிறோம், ஒரு ஷட்டருக்கு இவ்வளவு என்று. அதனால் ஓட்டும் ஷட்டருக்கு ஒன்று என்று வைத்துவிட்டாய். காசு கொடுக்கிறவனுக்கு ஓட்டு, அதில் என்ன தப்பு என்றாய். எனக்கும் அன்று அதில் தப்பு தெரியவில்லை. தெருவில் ஒருவனுக்கும் தெரியவில்லை. பத்துப் பைசா வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற வியாபாரிகள் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம்.

முதல் தேர்தலில் பிளாஸ்டிக் கடை மேரி அக்கா வந்தார். அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். வாளியும் குடமும் விற்கிற கையோடு தீர்ப்பும் சொன்னார், இரண்டிலும் பேரம் கிடையாது. தாமோதரன் ரோட்டோரம் டைல்ஸ் அறுக்கிற மிஷின் வைத்திருந்தான், தூசி முழுக்கப் பக்கத்து ஸ்வீட் கடை ஜாங்கிரி மேலே படிந்தது. மேரி அக்கா வந்து பார்த்தார், ஒரு ஜாங்கிரியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"சாப்பிடு தம்பி."

"வேணாங்க்கா."

"அப்போ மிஷினை உள்ளே தள்ளு."

அவ்வளவுதான். தாமோதரன் அவருக்காக கடை கடையாகப் போய் ஓட்டுக் கேட்டவன். "நான் ஓட்டுப் போட்டு உக்கார வெச்ச ஆளு எனக்கே எதிரா சொல்றாங்கோ, இது இன்னா நியாயம்?" என்று தெருவெல்லாம் புலம்பினான். நீ என் கடைக்குள் ஓடி வந்து, பிவிசி பைப் கட்டின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, "பார்த்தியா, பார்த்தியா" என்றாய். பைப் உடையப் போகிறது இறங்கு என்றுகூட நான் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷம் உன் முகத்தில்.

தாமோதரன் புலம்பிவிட்டு விடுகிற ஆள் இல்லை. அடுத்த தேர்தலுக்கு முன்னால் கடையைப் புதுப்பிக்கிறேன் என்று தட்டி கட்டினான். தட்டி எடுத்தபோது அகலமாக ஒரே ஷட்டர் இருந்த இடத்தில் ஒடுக்கமாக ஆறு ஷட்டர். முறையாக ஆறுக்கும் சந்தா கட்டினான், ரசீது வாங்கினான். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஒன்றை இரண்டாக்கினார்கள். ஷட்டர் செய்கிற குரோம்பேட்டைக்காரனுக்கு அந்த வருஷம் நல்ல வருஷம்.

நீ என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். ஆறாவது ஷட்டரைத் திறக்கச் சொன்னாய். தாமோதரன் மறுக்கவே இல்லை, தானே மேலே தூக்கினான். உள்ளே செங்கல் சுவர். கையை நீட்டினால் முட்டுகிறது.

"இதுக்குள்ள என்னய்யா வியாபாரம் பண்ணுவே?" என்று கேட்டாய்.

"தேர்தல் அன்னிக்கு மட்டும் தொறப்போம் சார்" என்றான்.

நீ சிரித்தாய். சிரித்துச் சிரித்து இருமல் வந்து அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தச் சுவரைப் பார்த்தால் இன்றைக்கும் வரவில்லை.

மேரி அக்கா சுந்தரிடம் தோற்றார். "நல்லதாப் போச்சு. ரெண்டு வருஷமா என்னைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போயிட்டிருந்தானுங்க, இனிமே குடம் வாங்கவாவது வருவானுங்க" என்றார். கடைக்கு ஒரு ஓட்டு என்று மாற்றலாம் என நீ மறுபடியும் எழுந்து பேசினாய். விதியை மாற்ற வேண்டுமானால் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும், ஓட்டெடுப்பு ஷட்டர் கணக்கில்தான் நடக்கும் என்றார் தலைவர். நீ போட்ட விதியைத்தான் உனக்கே படித்துக் காட்டினார். நீ உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். இருமல் வெறும் இருமல் இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. ஏரிப்பக்கம் நான் இப்போது தனியாகத்தான் நடக்கிறேன், ஒரு சுற்றோடு நடை முடிந்துவிடுகிறது.

சுந்தர் விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்புக்கு முன்னால் என் கடைக்கு வந்தான். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு பால் வால்வு வேண்டும் என்றான். கடையில் இருந்த எல்லா வால்வையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வால்வுக்காக வரவில்லை என்று புரிந்தது.

"அண்ணா, ஜெஸி பாப்பா பக்கம் நியாயம் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

"தெரியுதுல்ல, அதைச் சொல்லிடு."

"அடுத்த மாசம் எலெக்‌ஷன் வருதே அண்ணா."

"வந்தா?"

"பாப்பாவுக்கு எத்தனை ஷட்டர்?"

"ஒண்ணு."

"தாமோதரண்ணனுக்கு ஆறு. அவரு பேச்சைக் கேக்கிறவங்க ஷட்டர் பத்துக்கு மேல. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

"நீ கணக்குப் போடத்தான் வந்தியா, நியாயம் சொல்ல வந்தியா?"

"எனக்கும் கடை நடக்கணும்ல அண்ணா" என்றான். வால்வுக்குப் பணம் கொடுத்தான், பேரம்கூடப் பேசவில்லை. அவன் கெட்டவன் இல்லை மச்சான். எனக்கு எரிச்சலே அதில்தான். கெட்டவன் ஒருவன் உட்கார்ந்து கெட்ட தீர்ப்புச் சொன்னால் அவனை இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கலாம். நியாயம் எது என்று தெரிந்த ஒருவனை, அதைச் சொல்ல முடியாத நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம்.

தீர்ப்புக்கு மறுநாள் ஜெஸியை அழைத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனேன். சங்கம் போகட்டும், கோர்ட் இருக்கிறதே என்று. வக்கீல் நல்ல மனிதர், எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். கேஸில் பலம் இருக்கிறது என்றார். ஆனால் நம் கேஸ் போக வேண்டிய இடத்தில் ஜட்ஜ் மாறுதலாகிப் போய்விட்டார், அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, வேறொரு ஜட்ஜ் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார், தடை உத்தரவு கேட்டாலும் நாள் பிடிக்கும் என்றார். மாசக் கடைசி வரைக்கும்தான் எங்களுக்கு நேரம் என்றேன். கையை விரித்தார்.

ஜெஸி கேட்டாள், "சார், அந்த ஜட்ஜை எல்லாம் யாரு எடுக்கிறாங்க?"

"கீழ்க் கோர்ட்டுக்குப் பரீட்சை எழுதி, இன்டர்வியூ முடிச்சு வர்றாங்கம்மா. ஹைகோர்ட்டுக்கு மூத்த ஜட்ஜுங்க சேர்ந்து பேர் சிபாரிசு பண்ணுவாங்க, கவர்ன்மென்ட்டு பார்க்கும், ஜனாதிபதி நியமிப்பார்."

"ஜட்ஜே ஜட்ஜை எடுக்கிறாரா?" என்று நான் கேட்டேன். "எங்க தெருவுல கடைக்காரனே தராசுக்கு முத்திரை குத்திக்கிட்டா நீங்க விடுவீங்களா சார்?"

அவர் சிரித்தார். "அமெரிக்காவுல பல மாநிலத்துல ஓட்டுப் போட்டுத்தான் எடுக்கிறாங்க. போர்டு வெச்சு, நிதி வசூல் பண்ணி, விளம்பரம் போட்டு. நிதி குடுத்த ஆளோட கேஸே அப்புறம் அவர்கிட்ட வரும். அது பரவாயில்லையா?"

"வேணாம் சார், அதை நாங்க பார்த்துட்டோம்" என்றாள் ஜெஸி.

திரும்பி வரும்போது ஆட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஆளை எப்படி எடுப்பது என்றே ஏரிக்கரையில் இத்தனை வருஷம் கத்தினோம் நீயும் நானும். எடுத்த கை அதற்குப் பிறகு அவன் தோளை விட வேண்டும் என்று ஒரு நாளாவது பேசினோமா? மேரி அக்கா நிமிர்ந்து நின்றதற்குக் காரணம் ஓட்டு இல்லை. அந்த நாற்காலி போனால் போகட்டும் என்று இருந்தார். சுந்தருக்கு வேண்டியிருக்கிறது. ஒருவர் ஒரு தடவைதான் இருக்கலாம், மறுபடி நிற்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்று வால்வு வாங்குகிற சாக்கில் அவன் என் கடைக்கு வந்திருக்கவே மாட்டான். இதை உன்னிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான் வருத்தம். சொல்லியிருந்தால் இல்லை என்று சொல்லி இன்னும் இரண்டு சுற்று நடக்க வைத்திருப்பாய்.

என் யோசனை அத்தோடு நின்றது. ஜெஸியின் யோசனை நிற்கவில்லை. ஆட்டோ விட்டு இறங்கும்போது, "அங்கிள், சங்க விதியில ரெண்டு பக்கமும் சம்மதிச்சா வேற ஆளை வெச்சு மறுபடி பேசிக்கலாம்னு இருக்கு இல்ல?" என்றாள்.

"இருக்கு. ஜெயிச்சவன் எதுக்கும்மா சம்மதிப்பான்?"

"அதை நீங்க பார்த்துக்குங்க. ஆளை நான் பார்த்துக்கிறேன்."

அதிகாரம் பண்ணுகிற அந்தத் தொனி உன்னுடையதேதான்.

நான் தாமோதரன் கடைக்குப் போனேன். சுற்றி வளைக்கவில்லை. கேஸ் போடப் போகிறோம், கோர்ட் ஒரு கமிஷனரை அனுப்பும், அவர் டேப்பை எடுத்துச் சந்தின் அகலத்தை அளப்பார், அளக்கிற மனிதர் அப்படியே முன்பக்கமும் வந்து அவனுடைய ஆறு ஷட்டரின் படிக்கட்டு பொது நடைபாதைக்குள் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமலா போவார் என்று கேட்டேன். அவன் ஒரு நிமிஷம் படிக்கட்டைப் பார்த்தான்.

"இப்போ இன்னா பண்ணணும்ன்ற?"

"வேற ஆளை வெச்சுப் பேசுவோம்."

"யாரு ஆளு? நீ சொல்ற ஆளா? உன் தோஸ்த்து பொண்ணு, நீ யாரை இட்டுக்கினு வருவேன்னு தெரியாதா?"

ஜெஸி அதற்குள் பின்னாலேயே வந்துவிட்டாள். தாமோதரன் மனைவி கலா வழக்கம்போல் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கிள் சொல்ற ஆள் வேணாம் அண்ணா," என்றாள் ஜெஸி. "ஒருத்தர் மூணு பேரை எழுதணும். இன்னொருத்தர் அதுல ரெண்டு பேரை அடிச்சிடணும். மிச்சம் இருக்கிறவர்தான் ஜட்ஜ். அவர் என்ன சொன்னாலும் ரெண்டு பேரும் கேக்கணும். எழுதறீங்களா, அடிக்கிறீங்களா? நீங்களே சொல்லுங்க."

தாமோதரன் கணக்குப் போட்டான். அவன் கணக்குப் போடும்போது கண் மேலே போகும், உனக்குத் தெரியும். எழுதுகிறவன் கையில் ஒன்றும் இல்லை, அடிக்கிறவன் கையில்தான் முடிவு என்று தோன்றியிருக்க வேண்டும்.

"நீ எழுது. நான் அடிக்கிறேன்."

அவள் அங்கேயே கல்லா மேலிருந்த ஒரு பில்லைத் திருப்பிப் போட்டு எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன், எனக்கே தூக்கிவாரிப் போட்டது. முதல் பெயர் தாமோதரனின் அண்ணன். இரண்டாவது அவன் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிற கூடுவாஞ்சேரிச் சம்பந்தி. மூன்றாவது கலா.

"என்னம்மா பண்றே?" என்று காதோடு கேட்டேன். "மூணும் அவன் ஆளு."

"ஆமாம் அங்கிள்" என்றாள், சாதாரணமாக.

தாமோதரன் படித்தான். முதலில் சிரித்தான், அதிர்ஷ்டம் வாசலுக்கு வந்தது போல. பேனாவை எடுத்தான். அண்ணன் பெயரின் மேலே கொண்டுபோனான், நிறுத்தினான். கடை வைக்க முதல் போட்ட அண்ணன், கோபக்காரர், பொங்கலுக்கு இன்றைக்கும் அவர் வீட்டில்தான் இலை போடுகிறார்கள். என் நியாயத்தில் உனக்கு நம்பிக்கை இல்லையா என்று கேட்பார். பேனா சம்பந்தி மேலே வந்தது. பெண் வாழ்கிற வீடு. அங்கிருந்தும் நகர்ந்தது. கலா கை வேலையை நிறுத்திவிட்டுப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிங்களேன்," என்றார் கலா.

"இரு, யோசிக்கிறேன்."

"என் பேரை அடிக்கிறதா இருந்தா தாராளமா அடிங்க. ராத்திரிச் சாப்பாட்டைச் சங்கத்துலயே வாங்கிக்குங்க."

"உன்னை ஆரு அடிக்கிறது? உன்னைத்தான் வெச்சுக்கலாம்னு பார்க்கிறேன்."

"வெச்சுக்குங்க. நான் ஜட்ஜா இருந்தா அந்தக் கேட்டை இன்னிக்கே கழட்டச் சொல்லிடுவேன். நேத்துகூட நம்ம லாரியே அதுல இடிச்சு மட்கார்டு போச்சு. நீங்க சாவியை வூட்ல மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்க, நான்தான் ஸ்கூட்டர்ல எடுத்தாந்தேன். யாருக்கு உபயோகம் அது?"

கடைப் பையன்கள் டைல்ஸைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்கள். தாமோதரன் பேனாவை மூடி வைத்தான்.

"ஜட்ஜெல்லாம் வேணாம்" என்றான். "உக்காரு. பேசிக்கலாம்."

பேசினோம். ஒரு வியாபாரம் எப்படி முடியுமோ அப்படி முடிந்தது. லாரி சந்துக்குள் வந்து இறக்கிவிட்டுப் போவதைக் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டார். டீலர்ஷிப் கையை விட்டுப் போகவில்லை. நீ இருந்திருந்தால் ஜெஸியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றியிருப்பாய். அவளிடம் நானும் சிரித்த முகமாகத்தான் பேசினேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு நிறைவில்லை. அது பொதுச் சந்து. அவள் யாரிடமும் பேரம் பேசி வாங்க வேண்டிய பொருள் இல்லை அது. தாமோதரா, நீ செய்தது தப்பு, பூட்டை எடு என்று சொல்ல ஒரு வாய் வேண்டும், அந்த ஒரு வாய் இந்தத் தெருவில் இல்லை. தலைவர் நியமித்தபோதும் இல்லை. நீ ஓட்டு வைத்தபோது ஒரு இரண்டு வருஷம் இருந்தது, பிறகு அதையும் எண்ணித் தோற்கடித்தோம். கோர்ட்டில் நாற்காலி இருக்கிறது, ஆள் வரவேண்டும். அவள் சாமர்த்தியசாலி, பிழைத்துக்கொண்டாள். சாமர்த்தியம் இல்லாத ஒருத்தி அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தால்? அவளுக்கு நியாயம் எங்கே கிடைக்கும்? ஏரிக்கரையில் நடக்கும்போது உன்னிடம் கேட்கிற கேள்வி இப்போது இது ஒன்றுதான். பதில் வராததால் இப்போதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கிறேன்.

அடுத்த மாதத் தேர்தலில் சுந்தரே மறுபடி வருவான். என் கடைக்கும் ஒரு ஷட்டர்தான். மேரி அக்கா பெயரை எழுதிப் போடப் போகிறேன், அவர் நிற்கவில்லை என்றாலும். செல்லாத ஓட்டு என்று தள்ளட்டும்.

முடிந்த பேச்சை எழுதிவிடுகிறேன், நீ கேட்பாய். கேட் இருக்கும், பூட்டும் இருக்கும். சாவி மூன்று: ஒன்று தாமோதரனிடம், ஒன்று ஜெஸியிடம், ஒன்று என் கொத்தில். டைல்ஸ் பெட்டி சந்தின் ஒரு பக்கச் சுவரோடு மட்டும் நிற்கும், லாரி வந்து போக இடம் விட்டு. காலையில் முதல் லாரி பெயின்ட் கடைக்கு, அது வெளியே போன பிறகு டைல்ஸ் லாரி. சந்தில் பெயர்ந்து கிடக்கிற தரைக்குச் சிமென்ட் பூசுகிற செலவு பாதிக்குப் பாதி. மறுபடி தகராறு வந்தால் மூன்று பெயரை எழுதுவது தாமோதரன், இரண்டை அடிப்பது ஜெஸி. அவன் எழுதும் மூன்றில் கலா பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை கலா போட்டது, தாமோதரன் அதற்கும் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.